பெனலோபிக்கு எத்தனை எழுத்து

இரண்டாவது மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்தக் குழந்தைக்குப் பெயர் வைப்பது நான்தான்.

முடிவுக்குக் காரணம் இருந்தது. மூத்தவளுக்குப் பெயர் வைத்தது என் மனைவி. எங்கள் ஸ்கூட்டருக்குப் பெயர் வைத்தது அவள். எனக்கே கல்யாணமான புதிதில் ‘இவர்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டாள். தெருவில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் தெரியாது. வாசலில் வந்து நின்று, “இவர் இருக்காரா?” என்றுதான் கேட்கிறார்கள். நானும் “இருக்கேன்” என்கிறேன்.

நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பிழைதான் என் பிழைப்பு. வீட்டில் அந்த வேலையை மனைவி பார்க்கிறாள். திருத்தப்படுவது நான்.

அந்தச் சமயம் அச்சகத்துக்குக் குழந்தைப் பெயர்களைப் பற்றிய ஒரு புத்தகம் வந்திருந்தது. என் மேசைக்கு வந்த தாள்கட்டில் கடைசிப் பக்கத்தின் கடைசி வரிகள் இவை: ‘பெனலோபி. கிரேக்கப் புராணத்தில் வரும் பெண். போருக்குப் போன கணவனுக்காக இருபது ஆண்டுகள் காத்திருந்தவள். பொறுமையின் வடிவம். மேலும்’.

மேலும் என்ன என்பது அடுத்த கட்டில் இருந்தது. அடுத்த கட்டு எதிர் மேசைக்காரரிடம் போயிருந்தது. நான் கேட்கவில்லை. பொறுமையின் வடிவம் என்ற இரண்டு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தச் சரக்கு எங்கள் வீட்டில் கையிருப்பில் இல்லை. குழந்தையைக் கூப்பிடும் சாக்கில் தினமும் அதன் பெயரை வீட்டுக்குள் சத்தமாகச் சொன்னால், கேட்கிறவர்களுக்கும் கொஞ்சம் ஒட்டாதா என்று ஒரு நப்பாசை.

மனைவியும் குழந்தையும் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

“குழந்தைக்குப் பேர் முடிவு பண்ணிட்டேன்.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “யார் குழந்தைக்கு?”

“நம்ம குழந்தைக்கு.”

“நானும் முடிவு பண்ணிட்டேனே. தாரா.”

“அது வேண்டாம்.”

“ஏன்?”

ஏன் என்பதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. “இந்தத் தடவை என் முறை. பெனலோபி.”

மடிப்பு நின்றது. “பெண் லோபியா?”

“பெனலோபி.”

“குழந்தையைப் போய்க் கஞ்சம்னு சொல்றீங்களே. அது இன்னும் காசைக் கண்ணால பார்க்கலையே.”

“லோபி இல்ல. மொத்தமும் ஒரே சொல்லு. கிரேக்கப் பேரு.”

“கிரேக்கத்துல நமக்கு யாரு இருக்காங்க?”

“யாரும் இல்ல. அர்த்தத்துக்காகச் சொல்றேன். அவ புருஷன் சண்டைக்குப் போயிட்டான். இருபது வருஷம் பொறுமையா காத்துக்கிட்டு இருந்தா.”

“இருபது வருஷம் அவன் வீட்டுக்கே வரலையா?”

“வரல.”

“அதான் பொறுமையா இருந்திருக்கா.”

அவள் மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள். என் சட்டை ஒன்றைக் காலர் மடங்கும்படி ஓர் அழுத்து அழுத்தினாள்.

“பேர் வைக்கிறது ஒரு நாள் வேலைங்க. கூப்பிடறது ஆயுசு வேலை. சமையலறையில இருந்துக்கிட்டு, அடுப்புல கையை வெச்சுக்கிட்டு, ‘பெனலோபி அதைத் தொடாதே’ன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ தொட்டு, அழுது, தூங்கியே போயிடுவா.”

“நான் முடிவு பண்ணிட்டேன்” என்றேன்.

அவள் அடுத்த துணியை எடுத்தாள். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. பிற்பாடு வந்த தூக்கங்களோடு ஒப்பிட்டால் அது கடைசி நல்ல தூக்கம்.

மறுநாள் மத்தியானம் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. தெரு முழுக்க அவர் டீச்சர்தான். உலகத்தில் எந்த ராஜா எந்த வருஷம் எதற்காகச் செத்தான் என்று அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே மனைவி சொன்னாள்.

“பெனலோபியே இருக்கட்டுங்க.”

அவள் எதிர்த்தால் எனக்குப் பயமில்லை, பழக்கம் இருக்கிறது. ஒத்துக்கொண்டால்தான் பயம். “நிஜமாவா?” என்றேன்.

“நிஜமாத்தான். நல்ல பேரு. நானே ஒரு ஸ்வெட்டர் பின்னப்போறேன். நெஞ்சுக்கு நேரா பேரு வர்ற மாதிரி. அதைப் போட்டுக்கிட்டுப் போய்ப் பதிவு பண்ணிட்டு, அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

“ஸ்வெட்டர் எதுக்கு? நாளைக்கே பதிவு பண்ணிடலாமே.”

“உங்க பொண்ணுக்கு நீங்க வைக்கிற முதல் பேரு. ஒரு மரியாதை வேண்டாமா?”

மரியாதை என்ற சொல் அந்த வீட்டில் என்னைக் குறித்து வந்தது அதுவே முதல் தடவை. நான் மயங்கியது தப்பில்லை.

“அதுவரைக்கும் கூப்பிட ஒரு பேரு வேணுமே” என்றாள். “சும்மா தாரான்னு கூப்பிட்டுக்கறேன். தற்காலிகமா.”

“தற்காலிகம்தானே?”

“தற்காலிகம்தான்.”

எங்கள் அச்சகத்தில் முதலாளியின் அறைக்கு வெளியே ஒரு மேசை இருக்கிறது. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் யாரோ தற்காலிகமாக வைத்தது. இன்றைக்கும் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறோம். அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

மஞ்சள் கம்பளி நூல் வந்தது. எழுத்துகளுக்கு நீல நூல். தினமும் சாயங்காலம் நான் வந்து உட்கார்ந்ததும் அவளும் ஊசிகளை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். அடியிலிருந்து வரிசை வரிசையாக மஞ்சள் ஏறியது. ஒரு நாள் நீலம் தொடங்கியது. எழுத்துகளின் கால்கள் தெரிய ஆரம்பித்தன. எனக்கு மனசு குளிர்ந்தது.

“என்னங்க, ஒரு சந்தேகம்” என்றாள். “பெனலோபியா, பெனலோப்பியா? நடுவுல ஒற்று வருமா?”

சந்தேகத்தை என்னிடம் கேட்கிறாள். தொழில் சம்பந்தமாக. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ஒற்று இல்லேன்னா ‘லோபி’ன்னுதான் படிப்பாங்க. ‘ப்’ போட்டாத்தான் உச்சரிப்பு வரும்.”

“அப்ப போட்டுடலாமா?”

“போட்டே ஆகணும்.”

“ஒரு எழுத்து கூடினா எல்லாத்தையும் நகர்த்தி நடுவுல கொண்டு வரணும். நீலம் மொத்தத்தையும் பிரிக்கணும்.”

“பிழையோட பின்றதுக்குப் பிரிக்கிறது மேல்.”

பிரித்தாள். நானே நூலைச் சுற்றிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் நீலம் மறுபடியும் வளர்ந்து எழுத்துகளுக்கு இடுப்பு வந்தது. “என்னங்க, டீச்சர் சொல்றாங்க, ரெண்டாவது எழுத்துக்குக் கொம்பு உண்டாமே. பெனெலோப்பின்னு.”

யோசித்தேன். எதிர் மேசைக்காரரிடம் கேட்டேன். அவர் கொம்பு உண்டு என்றார். முதலாளி கொம்பு கிடையாது என்றார். முதலாளி சொன்னதால் எதிர் மேசைக்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று தீர்மானித்தேன். பிரித்தாள்.

அடுத்தது கடைசி எழுத்து. “முடிவுல ‘பி’யா, ‘பே’யா?”

“மூல மொழியில ‘பே’ன்னு நீளும்னு சொல்றாங்க” என்றேன். அப்படியே பின்னிப் பார்த்தாள்.

“குழந்தை நெஞ்சுல ‘பே’ன்னு முடிஞ்சா நல்லாவா இருக்கும்? பார்க்கிறவங்க பக்கத்துல ஒரு ‘ய்’ இருக்கிறதாத்தானே நினைப்பாங்க?”

அதிலும் நியாயம் இருந்தது. ‘பே’ என்று பின்னியதைப் பிரித்து ‘பி’ ஆக்கினாள். அதற்குள் குழந்தை வளர்ந்துவிட்டது. ஸ்வெட்டர் தலைக்குள் போகவில்லை. மொத்தத்தையும் பிரித்துப் பெரிய அளவில் ஆரம்பித்தாள். பிரித்துப் பிரித்து நூல் எல்லாம் நெளிநெளியாக, பின்னலை அவிழ்த்த தலைமுடி மாதிரி ஆகிவிட்டது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது தற்காலிகம் தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. மூத்தவள் பள்ளிக்கூடத்தில் தங்கச்சி பேர் தாரா என்று சொல்லிவிட்டு வந்தாள். பால்காரர் “தாரா பாப்பாவுக்கு” என்று சொல்லி அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினார். தடுப்பூசி போடும் டாக்டர் தாரா என்று கூப்பிட்டார். குழந்தை சிரித்தது, அந்தச் சிரிப்பிலேயே ஊசியைப் போட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் குழந்தைக்குக் காவல். அது கட்டிலின் ஓரத்துக்கு உருண்டது. “தாரா” என்று நானே கத்தினேன். குழந்தை உருளுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. பெனெலோப்பி என்று நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அது தரையில் இருந்திருக்கும். இதை மனைவியிடம் நான் சொல்லவில்லை. குளியலறைக் கதவு மெல்லியது என்பதை அப்போது மறந்துவிட்டேன்.

ஒரு நாள் அச்சகத்தில் மின்சாரம் போய்விட்டதால் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். தெருவில் டீச்சர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, ஸ்வெட்டர் முடிஞ்சுதா?”

“இல்ல டீச்சர். எழுத்து சரியா வரணும் இல்லையா.”

“ஆமா ஆமா. நல்ல பொருத்தமான பேருதான் வெச்சிருக்கீங்க” என்று சொல்லி டீச்சர் சிரித்தார். தண்ணீர் செடியை விட்டுவிட்டு என் செருப்பில் விழுந்தது.

“என்ன டீச்சர் சிரிக்கிறீங்க?”

“கதை தெரியும்தானே உங்களுக்கு?”

“தெரியுமே. இருபது வருஷம் காத்துக்கிட்டு இருந்தா.”

“சும்மாவா காத்துக்கிட்டு இருந்தா? புருஷன் செத்துட்டான்னு நினைச்சு நூத்துக்கும் மேல ஆம்பளைங்க வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துட்டாங்க. என்னைக் கட்டிக்கோ, என்னைக் கட்டிக்கோன்னு. முடியாதுன்னு சொன்னா விடமாட்டாங்க. அதனால அவ சரின்னுட்டா.”

“சரின்னுட்டாளா?”

“சரின்னுட்டா. ஒரு நிபந்தனை. ஒரு துணி நெய்யணும், அதை முடிச்சதும் ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிறேன்னா. மாமனார் செத்தா போர்த்துறதுக்கு.”

“மாமனார் செத்துட்டாரா?”

“இல்ல, உயிரோடதான் இருந்தாரு. முன்னேற்பாடு. பகலெல்லாம் எல்லாரும் பார்க்க நெய்வா. ராத்திரி உட்கார்ந்து அத்தனையும் பிரிச்சுடுவா. மூணு வருஷம் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல. அவ்வளவு பெரிய வீட்டுல அத்தனை ஆம்பளைங்க, தினமும் துணி வளராததைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க பாருங்க.”

“இதை என் வீட்டுல சொன்னீங்களா டீச்சர்?”

“நீங்க பேர் வெச்ச மறுநாளே சொல்லிட்டேனே. ரொம்ப ரசிச்சுக் கேட்டா. ரெண்டு தடவை சொல்லச் சொன்னா.”

நான் வீட்டுக்குள் போனேன். மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள். பக்கத்தில் குழந்தை ஒரு நூல்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

“எல்லாம் தெரிஞ்சு போச்சு” என்றேன்.

“எது?”

“டீச்சர் சொல்லிட்டாங்க. நெய்யறது. பிரிக்கிறது.”

அவள் ஊசியை நிறுத்தவில்லை. “அவ யாருக்கும் தெரியாம பிரிச்சா. நான் எப்பவாவது உங்களுக்குத் தெரியாம ஒரு வரிசை பிரிச்சிருக்கேனா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

“ஒவ்வொரு தடவையும் பிரிக்கச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

“நூல் சுத்திக் கொடுத்தது?”

“நான்தான். ஆனா சந்தேகம் கேட்டது நீ.”

“பிழை திருத்துறவரைக் கட்டிக்கிட்டு சந்தேகத்தை வேற யார்கிட்ட கேக்கறது?”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தோற்றவனுக்குத் தண்ணீர் கொடுப்பதில் அவள் எப்போதும் குறை வைத்ததில்லை.

“ஏன் இப்படிப் பண்ணினே? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே. நீங்க முடிவு பண்ணிட்டதாச் சொன்னீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. “பத்து மாசம் சுமந்தேங்க. வயித்துக்குள்ள உதைக்கும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் தட்டிக் கொடுத்தேன். வெளியே வந்ததும் இன்னொருத்தி பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னா எப்படி?”

இது எனக்குத் தெரியாது. இதையும் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. முதல் நாள் நான் காது கொடுத்தேனா என்றும் தோன்றியது.

“இன்னொண்ணும் டீச்சர்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன்” என்றாள். “அந்தப் பேரு எங்கேருந்து வந்ததுங்கிறதுல ரெண்டு கட்சி இருக்காம். ஒரு கட்சி, நூலு, தறி சம்பந்தப்பட்ட சொல்லுன்னு சொல்லுது. இன்னொரு கட்சி, அது ஒரு பறவையோட பேருன்னு சொல்லுது. அவ கைக்குழந்தையா இருக்கும்போது கடல்ல தூக்கிப் போட்டுட்டாங்களாம். அந்தப் பறவைங்கதான் முதுகுல தாங்கிக் கரைக்குக் கொண்டு வந்துதாம். அதனால அந்தப் பறவை பேரையே வெச்சாங்களாம்.”

“என்ன பறவை?”

“வாத்து.”

“வாத்தா?”

“ஒரு வகைக் காட்டு வாத்து. சின்னது. அதுக்குத் தமிழ்ல இன்னொரு பேரு இருக்கு. நீங்கதான் தினமும் அகராதியைப் புரட்டறீங்களே. என்னன்னு சொல்லுங்க.”

எனக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கப் பார்த்தேன். எழுந்து போய் அலமாரியில் இருந்த அகராதியை எடுத்தேன். ‘தா’வில் போய்த் தேடினேன். இருந்தது. தாரா: வாத்து வகை.

“உங்க பேரைத்தான் நான் வெச்சிருக்கேன்” என்றாள். “தமிழ்ல. அங்கே லோபி, இங்கே தாராளம். அவ்வளவுதான் வித்தியாசம்.”

ஆனாலும் ஆண்பிள்ளைக்கு ஒரு ரோஷம் உண்டு. மறுநாள் ஒரு நாள் லீவு போட்டேன். “ஸ்வெட்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இன்னைக்கே போய்ப் பதிவு பண்றோம். பெனலோபிதான்” என்றேன்.

“சரிங்க” என்றாள். புடவையை மாற்றிக்கொண்டு, குழந்தைக்குக் கவுன் போட்டு, எனக்கு முன்னால் வாசலில் வந்து நின்றாள்.

பதிவு அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அம்மாள் இருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது.

“குழந்தை பேரு?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள், “நீங்களே சொல்லுங்க” என்றாள்.

“பெனலோபி.”

“புரியல சார். எழுத்து எழுத்தா சொல்லுங்க. ஒரு தடவை ஏத்திட்டா அப்புறம் மாத்தறது பெரிய பாடு.”

“பெ” என்றேன்.

“சரி, பெ.”

அங்கே நின்றுவிட்டேன். அடுத்தது ‘ன’வா, ‘னெ’வா? கொம்பு உண்டென்று நம்பியது முதலாளி மீதிருந்த கோபத்தால் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒற்று போட்டால் உச்சரிப்பு சரி. போடாவிட்டால் அந்தப் புத்தகத்தில் இருந்தபடி சரி. ‘பி’யில் முடித்தால் மூல மொழிக்குத் துரோகம். ‘பே’யில் முடித்தால் குழந்தைக்குத் துரோகம். ஆயுசுக்கும் ஒரு பெண் எழுதப்போகிற பெயர். அதில் ஒரு பிழை இருந்தால், அதைத் திருத்துகிறவனே போட்ட பிழையாக இருக்கும்.

“சார்?”

“ஒரு நிமிஷம்.”

“இவர் யோசிக்கட்டும்” என்றாள் மனைவி, மிகவும் பணிவாக. “நீங்க அடுத்தவங்களைப் பாருங்கம்மா.”

அடுத்தவர் வந்தார், போனார். அதற்கடுத்தவரும் போனார். நான் உள்ளங்கையில் பேனாவால் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். கை வலித்ததால் மனைவி குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அது தடுப்பின் இடைவெளி வழியாகக் கையை விட்டு, முத்திரைக்கு மை தொடும் பெட்டியைப் பிடித்தது.

“தாரா, கையை எடு” என்றேன்.

குழந்தை கையை எடுத்தது.

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். “தாராவா? ரெண்டு எழுத்தைச் சொல்றதுக்கா சார் இவ்வளவு நேரம்?” டக் டக் என்று தட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார். “சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க.”

தொழில் பழக்கம். குனிந்து பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. அப்படியே சொன்னேன்.

அதன் பிறகு ஸ்வெட்டர் மளமளவென்று வளர்ந்தது. இரண்டு எழுத்துக்கு என்ன நேரம் ஆகிவிடும்? அடுத்த வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது டீச்சர் வாசலில் நின்றிருந்தார். மனசுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்ததால் கேட்டேன்.

“டீச்சர், அந்தக் கதையில கடைசியில புருஷன் திரும்பி வந்தான் இல்லையா? வீட்டுல எப்படி வரவேற்றாங்க?”

“வந்தான். ஆனா ஒருத்தருக்கும் அவனை அடையாளம் தெரியல. வாசல்ல படுத்திருந்த ஒரு கிழட்டு நாய் மட்டும்தான் கண்டுபிடிச்சு வாலை ஆட்டிச்சு.”

கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனேன். மனைவி குழந்தைக்கு மஞ்சள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவள் கைதட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது. நான் செருப்பைக் கழற்றினேன். பையை ஆணியில் மாட்டினேன். லேசாகக் கனைத்தும் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் நாய் கிடையாது.